தூக்கிப் போட்ட துண்டு

முதலுதவிப் பயிற்சியில் எனக்குத்தான் பரிசு கொடுத்தார்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து, விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை வேலை பார்க்கும் மில்லில் எல்லோர் முன்னாலும் செய்து காட்டியவன் நான்.

அடுத்த வாரமே, விளாங்குடி தாண்டி எங்கள் வயலில், யாரோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் முருகேசனின் பாதத்தைக் கிழித்துவிட்டது. எங்களிடம் வேலை செய்பவர், என் அப்பா வயது. வாய்க்கால் தண்ணீர் சிவந்தது. வரப்பில் நின்ற நான் நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் அவர் தெருக்காரர்களை எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை. தோளில் கிடந்த துண்டை அவரை நோக்கித் தூக்கிப் போட்டேன்.

"அதை வச்சு அமுக்கிப் பிடி முருகேசா. காலைத் தூக்கி வரப்புல வையி."

அவரே பிடித்தார். மயங்கிச் சாய்ந்ததும் பக்கத்து வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர்தான் ஓடிவந்து அழுத்திப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல்.

பத்து நாள் கழித்து முருகேசன் நொண்டியபடி எங்கள் வாசலுக்கு வந்தார். துண்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"அய்யா மட்டும் அன்னைக்குச் சொல்லலைன்னா அம்புட்டுதான். நீங்கதான் காப்பாத்துனீங்க."

"நீயே வச்சுக்க" என்றேன்.

பெரிய மனசு என்று கும்பிட்டார். அவர் கையிலிருந்து அதை வாங்க எனக்குக் கூசியது என்பதை இன்றுவரை நான் சொல்லவில்லை. அந்தத் துண்டைத்தான் தலையில் கட்டிக்கொண்டு தினமும் எங்கள் வயலுக்கு வருகிறார்.