வேர் மண்ணில் இருந்தால்

பலர் நினைப்பதுபோல் இல்லை, தவமணி அக்கா எந்த மரம் நடும் இயக்கத்திலும் இருந்ததில்லை. நகராண்மைக் கழகத்தில், வீட்டு வரிப் பிரிவில் இருந்தார். என் மேசைக்கு எதிர் மேசை. ஞாயிறு காலை அலுவலக வாட்ஸ்அப்பில் அவர் இறந்த செய்தி வந்தது. மாரடைப்பு. ஒரே வரி. கீழே நிறையக் கைகூப்பல்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் நினைவிருக்கும். வீட்டு முன்புறம் மரம் வளர்ப்பவர்களுக்கு வரியில் கழிவு தரலாம் என்று முதன்முதலாகச் சொன்னார். அறை சிரித்தது.

"மரத்துக்குக் கழிவா? அப்புறம் ரோஜாச் செடிக்கும் கேப்பாங்க லா," என்றார் ஓர் அதிகாரி.

அக்கா சிரிக்கவில்லை. "இலை கூட்டுறது ஒரு வீடு சார். நிழல்ல நிக்கிறது தெருவே. கூட்டுறவங்களுக்கு நாம ஏதாச்சும் குடுக்க வேணாமா?"

பத்து பெரண்டாம் வட்டாரத்தில் ஒரு தாமான் குடியிருப்பில், ஒரே ஒரு தெருவில் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. பலன் இல்லையென்றால் திட்டம் அத்தோடு முடிந்துவிடும்.

வீடுகளைப் பார்வையிட நானும் போனேன். கார் நிறுத்தச் சிமெண்டு பூசிய முன்புறங்கள். வெயில் கீழிருந்தும் அடித்தது. தெருவின் தொடக்கத்தில் ஒரு வீட்டில், பெரிய தொட்டியில் மாமரம். சற்றுத் தள்ளி இன்னொரு வீட்டிலும் மாமரம். அதே ஒடிந்த கிளை. அதற்கடுத்து லோரி ஓட்டும் குமார் அண்ணன் வீடு. அவர் கேஸ் சிலிண்டர் தள்ளும் வண்டியில் அதே மாமரத்தை வாசலுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த மரம் என்னைவிட வேகமா நடக்குதே," என்றார் அக்கா.

"கொஞ்சம் கண்ண மூடிக்கங்கக்கா. தெருவுக்கே நல்லதுதானே."

"நான் கண்ண மூடினா, பொய் வெளிய வர்றப்ப அடுத்த தெருவுக்குக் கிடைக்காதுப்பா. சிமெண்ட ஒடைச்சி மண்ணுல வை. திரும்ப வர்றேன்."

அந்த மரத்தை அவர் எந்த வீட்டுக்கும் கணக்கில் எடுக்கவில்லை. காரில் நான் தாங்கமாட்டாமல் கேட்டேன். "சேர்த்திருந்தா திட்டம் பிழைச்சிருக்குமேக்கா?"

"ஏம்மா, வெயில் அடிக்கிறப்ப அந்தத் தொட்டி மரத்துக்குக் கீழ நீ போய் நிப்பியா?"

அடுத்த கூட்டத்தில் வண்டியில் போன மரத்தின் கதையை அவரே சொன்னார். மறைக்கவில்லை. மீண்டும் சிரிப்பு. இம்முறை அவரும் சேர்ந்து. பிறகு இன்னும் ஓராண்டு கேட்டார், விதியில் ஒரு வரியைச் சேர்க்கவும் கேட்டார்: வேர் மண்ணில் இருக்க வேண்டும். இரண்டும் கிடைத்தன.

அந்த ஆண்டு முடிவில் அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போனபோது குமார் அண்ணன் வீட்டுச் சிமெண்டில் ஒரு சதுரம் உடைந்திருந்தது. உள்ளே மாமரம். கார் தெருவோரத்தில். தெருவில் வேறு வீடுகளிலும் அப்படியே. அதன்பின் திட்டம் ஒவ்வொரு தெருவாக நகர்ந்தது.

அக்காவின் வீடும் அந்தத் தாமானில்தான். தன் தெருவை மட்டும் கடைசியில் வைத்தார். அதுவரை முழு வரி கட்டினார். தன் வாசல் வேம்பின் இலையையும் கூட்டினார்.

இறுதிச் சடங்கன்று கூடாரம் போட வந்தவர்கள், வாசல் வேம்பின் கிளை இடிக்கிறது, வெட்டிவிடலாம் என்றார்கள். யாரோ கத்தி எடுக்கப் போனார். குமார் அண்ணன் குறுக்கே நின்றார்.

"அதுல கை வைக்காத. கூடாரத்த அந்தப் பக்கம் தள்ளிப் போடு லா."

தள்ளிப் போட்டார்கள். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் கூடாரத்துக்குள் போகவில்லை. மரத்தடியில் நின்றார்கள். அலுவலகமும் தெருவும் கலந்து. கூட்டத்தில் முதலில் சிரித்த அந்த அதிகாரியும்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சுவது இது: ஒரு நிழலில் நிற்கும்போது, இதன் இலையைக் கூட்டுவது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. முன்பு தோன்றியதில்லை.

இந்த ஆண்டு அக்காவின் தெரு. சடங்குக்கு அடுத்த வாரத் திங்கட்கிழமை நான் பார்வையிடப் போனேன். முதல் வீடு அவருடையது. குனிந்து அடிமரத்தைப் பார்த்தேன். எழுதினேன்: வேம்பு, ஒன்று. வேர் மண்ணில்.

அடுத்த வீட்டு மணியை அடித்தேன்.