வெள்ளைப் பாலும் மஞ்சள் பாலும்

சேலத்துக் கலர் லேபிலிருந்து வந்த உறையைப் பிரித்துப் பார்த்தேன். முப்பத்தாறு படங்களில் ஒரு மனித முகம்கூட இல்லை. கல்யாணம், காதுகுத்து, ரேஷன் கார்டு என்று முகங்களையே பார்த்துப் பழகிய எனக்கு ஏதோ தவறு நடந்துவிட்டதாகவே தோன்றியது. எல்லாம் செடிகள். அதிலும் பாதி கலங்கல். ஒரு படத்தில் முன்னால் மஞ்சளாக ஒரு தீற்றல், பின்னால் மிகத் தெளிவாக ஒரு சாணிக் குவியல். லேப்காரர்கள் உறையை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். சந்தை நாளில் மலையிலிருந்து இறங்கி வந்த நர்சம்மா கடைக்குள் நுழைந்து அந்த உறையைப் பார்த்ததும், "இதுதானுங்க பாய் என்னோடது" என்று கையை நீட்டினார். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் வாடிப் போயிற்று. "ஏனுங்க பாய், பூவுக்குக் கிட்டப் போனா இந்தக் கேமராவுக்குக் கண்ணு தெரியாதுங்களா?" என்று கேட்டார்.

தொண்ணூற்றெட்டாம் வருடம் அது. பேளுக்குறிச்சியில் அத்தா தொடங்கிய ஸ்டுடியோவை நான் நடத்திக்கொண்டிருந்தேன். நர்சம்மாவுக்குச் சொந்த ஊர் முள்ளுக்குறிச்சி. வேலை மலைமேல், எடப்புளி நாடு என்கிற பகுதியில் சிதறிக் கிடந்த ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய்ப் பிரசவம் பார்ப்பதும் தடுப்பூசி போடுவதும். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். சிங்கப்பூரில் இருந்த தம்பி அனுப்பிய சின்னக் கேமராவைத் தடுப்பூசிப் பெட்டியோடு சேர்த்துத் தோளில் மாட்டியிருப்பார்.

அவர் எதற்காகக் களைச்செடிகளைப் படம் எடுக்கிறார் என்று அன்று கேட்டேன். மலையில் பிள்ளைத்தாய்ச்சிகள் பலருக்கு ரத்தம் குறைவு, இரும்புச் சத்து மாத்திரையோ மாதத்தில் பாதி நாள் கைவசம் இருக்காது என்றார். கீரை சாப்பிடச் சொன்னால் எந்தக் கீரை என்று கேட்கிறார்கள். தினைக் காட்டு ஓரத்திலும் மரவள்ளித் தோட்டத்திலும் தானாக முளைக்கிற ஒரு செடி உண்டு. ஒடித்தால் பால் வரும். உச்சியில் சின்னச் சின்னதாக மஞ்சள் பூ, பிறகு பஞ்சாகிப் பறந்துபோகும். அதை வதக்கித் தின்பார்கள். ஆனால் ஓர் ஊரில் அதற்குப் பால்முள்ளு என்று பெயர், அடுத்த ஊரில் மஞ்சக்கீரை. மூன்றாவது ஊரில் மஞ்சக்கீரை என்றால் வேறொரு செடி. "பேரைச் சொன்னா ஆளுக்கு ஒரு செடியக் காட்டுறாங்க. படத்தைக் காட்டுனா சண்டையே இல்லீங்களே" என்றார். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

அதன்பின் பல ஞாயிற்றுக்கிழமைகள் முதல் பஸ்ஸில் மலையேறினேன். என்னிடம் நல்ல கேமரா இருந்தது, லென்சுக்கு முன்னால் திருகி மாட்டுகிற குளோசப் கண்ணாடியும் இருந்தது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பூ காலையில் விரியும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். மதியம் போனால் செடி முழுக்க மொட்டுபோலத்தான் இருக்கும். பனி ஈரத்தில் மண்டியிட்டுப் பூவைப் படம் எடுத்துவிட்டு எழுந்தால் நர்சம்மா விடமாட்டார். "பூவ மட்டும் புடிச்சா பத்தாதுங்க பாய். பூவெல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். இலை தண்டோட சேருற எடத்தப் புடிங்க. அங்கதான் அதுக்குக் காது இருக்குது." ஆமாம், காது. இலையின் அடி தண்டைக் கட்டிப்பிடித்து இரண்டு பக்கமும் காதுமாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மென்மையான இலையுள்ள செடிக்குக் காது கூர்மை. முள் விளிம்புள்ள செடிக்குக் காது உருண்டை. இரண்டும் வேறு வேறு செடிகள் என்பதை நர்சம்மா தானே கண்டுபிடித்திருந்தார். விதைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டுபோய், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியா பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாராம். ஒன்றின் விதையில் குறுக்கே சுருக்கங்கள், மற்றதில் இல்லை. முயல்செவியின் இலை இவற்றைப்போலவே இருந்து ஏமாற்றும், ஆனால் அதன் பூ ஊதா. அதையும் எடுத்தோம், வெட்டுக்காயப் பூண்டையும் எடுத்தோம். வெள்ளைத் துண்டைப் பின்னால் பிடித்தபடி அவர் நிற்பார், நான் மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்துவேன். தண்டை ஒடித்து வெள்ளைப் பால் துளி திரண்டு நிற்கும் கணத்தை எடுக்க ஒரு ரோலில் பாதி போயிற்று.

பிரம்மதண்டையும் எடுத்தோம், ஒப்பிட்டுக் காட்டுவதற்காக. அதுவும் முள் இலை, மஞ்சள் பூ. ஆனால் ஒடித்தால் பால் மஞ்சளாக வடியும். நஞ்சு. கீழே எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் அது ஏராளம். மலையில் அதற்கு முன் கிடையாது. புது ரோடு போட வந்த லாரி மண்ணோடுதான் அது மேலே ஏறியது. மலைக்காரர்களுக்குத் தங்கள் காட்டில் இருக்கும் ஒவ்வொரு பூண்டும் தெரியும். இது அவர்களுக்குத் தெரியாத செடி. அதனாலேயே அதையும் ஆல்பத்தில் வைத்து, கீழே "தின்னக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதினார் நர்சம்மா.

இனி எழுதப்போவதில் என் பங்கும் உண்டு. அதை மறைத்துவிட்டு அடுத்தவர்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. மலையில் அப்போது ஒரு சத்துணவுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். அதன் அலுவலர் ஒருவர் என் கடைக்கு வந்தார். உண்ணத் தகுந்த கீரைகளைப் பற்றி ஒரு போஸ்டர் போடுகிறோம், நர்சம்மாவின் ஆல்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம், படங்கள் வேண்டும் என்றார். மேஜையில் பரப்பிக் காட்டினேன். பால்முள்ளின் பூ சிறியது. படத்தில் பார்த்தால் ஏழைபோல இருக்கும். பிரம்மதண்டின் பூ மூன்று விரல் அகலம் விரிந்து, பட்டுப்போல மின்னும். அவர் அதைத்தான் எடுத்தார். "சார், அது வேற செடிங்க" என்றேன். "இதுவும் முள்ளு, இதுவும் மஞ்சப்பூ. இதுதான் பாய் நல்லா விழுந்திருக்கு. போஸ்டர்ல உங்க ஸ்டுடியோ பேரு வரும்" என்றார். சரியான படத்தையும் கூடவே கொடுத்தேன். எது எது என்று பின்பக்கம் எழுதியும் கொடுத்தேன். ஆனால் தவறான படத்தை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கவில்லை. பெயர் வரும் என்ற சொல் என் வாயை அடைத்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

நர்சம்மா பத்து நாள் பயிற்சிக்காகச் சேலம் போயிருந்தபோது ஜீப்பில் போஸ்டர்கள் மலையேறின. ஒவ்வொரு பால்வாடியிலும் ஒட்டினார்கள். திரும்பி வந்தவர் போஸ்டரைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே இறங்கி என் கடைக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை. "கெளம்புங்க பாய்" என்றார், அவ்வளவுதான்.

திட்ட அலுவலகத்தில் முக்கால் நாள் உட்கார வைத்தார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டபோது, நர்சம்மா பையிலிருந்து இரண்டு செடிகளையும் எடுத்து அலுவலரின் மேஜைமேல் வைத்தார். இரண்டையும் ஒடித்தார். மஞ்சள் பால் ஒரு கோப்பின்மேல் சொட்டியது.

"இது மஞ்சளா வடியுதுங்க சார். அது வெள்ளையா வடியும். நீங்க திங்கச் சொல்லி ஒட்டியிருக்கறது இந்த மஞ்சளுங்க. இது வெசம்."

அலுவலர் கோப்பைத்தான் முதலில் துடைத்தார். "ஏம்மா, ஒரு படத்துக்காக அத்தனை போஸ்டரையும் கிழிக்கச் சொல்றீங்களா? மலைக்காரங்களுக்குத் தெரியாத கீரையா? அவங்க பார்த்துப் பறிச்சுக்குவாங்க. அடுத்த பிரிண்ட்ல மாத்திக்கலாம்."

"அப்படின்னா அந்த ஒரு படத்து மேல மட்டும் பேப்பர ஒட்டிக்க உத்தரவு குடுங்க சார்."

"எழுதிக் கொடுங்க. மேலே அனுப்புறேன்."

எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. பதிலுக்காக நாங்கள் காத்திருந்த அந்த நாட்களில்தான் அது நடந்தது. நர்சம்மா இன்னும் நேரில் போய்ச் சொல்லியிராத, புது ரோட்டை ஒட்டிய ஓர் ஊரில் பால்வாடியில் சமைக்கிற அம்மாவும் அவருடைய மருமகளும் ரோட்டோரத்தில் பறித்த கீரையை வதக்கித் தின்றிருக்கிறார்கள். மருமகளுக்கு ஆறு மாதம். இருவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மிளகு ஏற்ற வந்த ஜீப்பில் படுக்கவைத்து, மலை ரோட்டின் அத்தனை வளைவுகளிலும் அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டு இறக்கினார் நர்சம்மா. பிழைத்துக்கொண்டார்கள், வயிற்றுப் பிள்ளையும்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் போய் நின்றபோது மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "எங்க ஊர்ல இல்லாத செடிங்க சாமி அது. போஸ்டர்ல போட்டிருந்துது, ரத்தம் ஊறும்னு எழுதியிருந்துது. மருமவளுக்கு ஆவுமேன்னு பறிச்சேன்" என்று சொல்லி அழுதார். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அந்தப் படத்தை எடுத்த கை என்னுடையது.

அதற்குப் பிறகு நர்சம்மா யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. பால்முள்ளில் வெள்ளைப் பால் துளி திரண்டு நிற்கிற படத்தைப் போஸ்டரில் இருந்த படத்தின் அளவுக்குத் தகுந்தபடி பெரிதாக்கிக் கேட்டார். எத்தனை பால்வாடி இருக்கிறதோ அத்தனை பிரதி போட்டுக் கொடுத்தேன். மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, ஊர் ஊராக நடந்து, தவறான படத்தின்மேல் சரியான படத்தை ஒட்டினார். ஒட்டி முடித்த கையோடு பிரம்மதண்டுச் செடி ஒன்றையும் வேரோடு காட்டி, ஒடித்து, மஞ்சள் பாலைப் பெண்களுக்குக் காண்பித்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போவார்.

அவருக்கு மெமோ வந்தது. அரசு விளம்பரப் பொருளை அனுமதியின்றிச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. சேதப்படுத்தியது யார்? இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் கிடத்திய காகிதத்தின்மேல் குற்றம் இல்லை, அதைத் திருத்திய கையின்மேல் குற்றம். விளக்கத்தில் ஒரு படத்தையும் உலர்ந்த ஒரு செடியையும் இணைத்து, "ஒட்டினேன். இன்னும் தவறு இருந்தால் இன்னும் ஒட்டுவேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த மருமகளுக்குப் பிரசவம் ஆவதற்குள்ளேயே அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். போகும்போது ஆல்பத்தைத் துணைச் சுகாதார நிலையத்திலேயே வைத்துவிட்டுப் போனார். புதிதாக வந்தவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இரண்டாம் பதிப்புப் போஸ்டரில் சரியான படம் வந்தது. நான் எடுத்ததேதான். கீழே திட்ட அலுவலகத்தின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லாதது எனக்குப் பொருட்டில்லை. அந்தத் தண்டனைக்கு நான் உரியவன்தான். காதைப் பார் என்று சொல்லிக்கொடுத்தவரின் பெயர் எங்கும் இல்லை.

திட்டம் முடிந்தபோது மலைமேல் செம்மேட்டில் ஒரு விழா வைத்தார்கள். இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ. படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனேன். அந்த அலுவலர் மேடையில் அறிக்கையைப் படித்தார். தொடக்கத்தில், மலைவாழ் மக்களின் அறியாமையால், கீரை என்று தவறாக எண்ணி நச்சுச் செடியை உண்ட ஒரு சம்பவம் நேர்ந்ததாகவும், திட்டத்தின் இடைவிடாத விழிப்புணர்வுப் பணியால் அது மீண்டும் நிகழவில்லை என்றும் வாசித்தார். நான் கேமராவைக் கீழே இறக்கினேன்.

அப்போது பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். இடுப்பில் குழந்தை. ஜீப்பில் இறக்கிய அதே மருமகள். மைக் இல்லை. ஆனாலும் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, நாங்க அறியாமத் திங்கலீங்க. நீங்க திங்கச் சொன்னீங்கன்னு தின்னோம். அதத் திங்காதன்னு சொன்ன நர்சம்மாவத்தான் நீங்க அனுப்பிப் போட்டீங்க."

அலுவலர் என்னைப் பார்த்து, எடுக்காதே என்று கையால் சைகை காட்டினார். நான் எடுத்தேன். ஒன்றல்ல, ரோல் தீரும்வரை எடுத்தேன். அவள் உட்கார்ந்த பிறகு கைதட்டியவர்கள் பெண்கள் மட்டும்தான். அலுவலர் அறிக்கையின் அடுத்த பக்கத்தைப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

அந்தப் படங்களில் ஒன்றை நர்சம்மாவுக்குத் தபாலில் அனுப்பினேன். குழந்தைக்கு என்ன பெயர், தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்றா என்று கேட்டுப் பதில் எழுதினார். வேறு ஒன்றும் எழுதவில்லை.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்டுடியோ என் மகன் கையில். கைப்பேசியில் ஒரு பூவைப் படம் எடுத்தால் அதன் பெயரை அதுவே சொல்லிவிடுகிறது என்கிறான். சொல்லட்டும். போன மாதம் நர்சம்மாவிடம் பேசினேன். அந்த மெமோவை யாரும் இதுவரை திரும்பப் பெறவில்லை. அவருடைய பணிப் பதிவேட்டில் அது அப்படியே கிடக்கிறது. அதை நீக்கச் சொல்லி நான் மனு எழுதுகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். சிரித்தார்.

"விடுங்க பாய். அந்தப் புள்ள அத்தன பேரு முன்னால எந்திரிச்சு நின்னுச்சில்லீங்க. எனக்கு அது போதுமுங்க."

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. மனுவை எழுதிவிட்டேன்.