அடுத்த வரி

மயிலாப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் கொடுப்பவர் அவர். ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. யாருடைய சர்க்கரை அளவையும் எல்லோருக்கும் கேட்கும்படி படித்துவிட்டுத்தான் தாளைத் தருவார்.

அன்று அப்பாவின் முறை. "வெறும் வயித்துல நூத்தியெட்டு" என்றார்.

அப்பாவின் கால்விரல் புண் ஒரு மாதமாக ஆறவில்லை. வீட்டில் முதலில் படித்தவன் நான்தான் என்பதால், அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"கண்ட்ரோல்லதான் இருக்குப்பா. புண்ணு தானா ஆறிடும், டாக்டர் வேணாம்" என்றேன்.

"அடுத்த வரிய யாரு நைனா படிப்பா?" என்றார் ரிப்போர்ட்காரர். "மூணு மாச சர்க்கரை சராசரி பதினொண்ணு பர்சென்ட்டு. ஆறரை தாண்டினாலே சர்க்கரை வியாதி. இன்னா பெர்சு, டெஸ்டுக்காக ரெண்டு நாள் பட்டினியா?"

கூடமே சிரித்தது. "கஞ்சித்தண்ணி மட்டுந்தாங்க" என்று அப்பா ஒப்புக்கொண்டார்.

"புள்ள காலேஜ் படிச்சுகீறான். அப்பன் கால வெட்டினப்புறம் மீதியப் படிப்பான்" என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்.

நேராக மருத்துவமனைக்குப் போனோம். விரலை எடுத்தார்கள், கால் தப்பியது.

இன்றும் அந்த ஆளை நான் திட்டினால் அப்பா தடுத்துவிடுவார். "அவரு கேலி பண்ணலேன்னா, நீ என்னைய வீட்டுக்குத்தானடா கூட்டிட்டுப் போயிருப்ப?"