வெள்ளை உடுத்த வண்டுப் பிள்ளைகள்

தை பிறந்ததும் கொய்யாவை வெட்டிவிடுவேன் என்று வீட்டுச் சொந்தக்கார அண்ணாச்சி சொல்லிவிட்டார். கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கிணற்றடியில், அம்மா வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து நான் வைத்த மரம். கரிசலில் அது பிழைத்ததே பெரிய காரியம். இப்போது இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. தன் எலுமிச்சைக்கும் தொற்றிவிடும் என்று அவருக்குப் பயம்.

என் கணவருக்கு விவசாயப் பண்ணையில் வேலை. அங்கே பூசணிக்காயில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதைத் தின்னக் கொடுத்துப் பொறிவண்டு வளர்ப்பார்கள். நல்ல பூசணிக்காய் இப்படிப் போகிறதே என்று எனக்கு வயிறு எரியும். மார்கழித் தொடக்கத்தில் ஒரு தீப்பெட்டியில் சில வண்டுகள் கொண்டுவந்தார். கறுப்பு உடம்பு, செம்பட்டைத் தலை.

"சிவப்பா, புள்ளி வச்சிருக்குமே, அது இல்லையா?"

"அது ஒரு சாதிச் செதில்பூச்சியத்தான் தின்னும். வேற எத வச்சாலும் பட்டினி கெடக்கும். இது மாவுப்பூச்சில எதக் குடுத்தாலும் தின்னும்."

சொன்னவர், கம்பஞ்சோறும் புளிக்குழம்பும் தவிர எதையும் தொடாத மனுஷன். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

வண்டுகளை மரத்தில் விட்டுவிட்டு வேலையாக வெளியூர் போனார். பத்து நாள் கழித்துப் பார்த்தால், முன்னைவிடப் பெரிய வெள்ளைப் பூச்சிகள், உடம்பெல்லாம் பஞ்சு இழையோடு. வந்த ஆத்திரத்தில் சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாருமாகக் கிளை கிளையாகத் தேய்த்தேன். அவர் திரும்பியதும் பெருமையாகக் காட்டினேன்.

அவர் எனக்கு எட்டாத கொப்பை வளைத்து, ஒரு வெள்ளையை எடுத்து என் உள்ளங்கையில் விட்டார். குடுகுடுவென்று ஓடியது.

"ஏட்டி, மாவுப்பூச்சி இப்படி ஓடுமா? இது வண்டோட பிள்ளை. மாவுப்பூச்சிக்கு எறும்புதான் காவல், தின்ன வர்றத வெரட்டிரும். அத ஏமாத்தத்தான் இதுவும் வெள்ளை உடுத்திக்கிடுது. ஒங்கிட்டச் சொல்லாமப் போனது என் தப்பு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன். உச்சிக் கொப்பில் மிஞ்சியவற்றுக்கு அன்றிலிருந்து நானே காவல்.

தை பிறந்தது. அண்ணாச்சி அரிவாளோடு வந்துவிட்டார். "இன்னும் வெள்ளை இருக்கே" என்று நசுக்க விரலை நீட்டினார். வேற்று ஆண் என்பதும் மறந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"தொடாதீங்க அண்ணாச்சி! அது நம்ம பிள்ளைக!"

கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அண்ணாச்சி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். பிறகு அரிவாளைக் கிணற்றுச் சுவரில் வைத்தார்.

"பிள்ளைக வளர எத்தன நாளாகும்மா?" என்று கேட்டார்.