பாயின் ஜீப்புக்கு டேங்க் செய்தவன் நான்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் என் பட்டறையில் ஒருமுறையாவது நிற்காத லாரி குறைவு. சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்களுக்குத் தொட்டி கட்டியவன் நான். கோடையில் ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் கொல்லைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோன டேங்கர்களில் பாதி என் கையால் பற்றவைத்தவை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வரைபடம் போடத் தெரியாது. தரையில் சாக்பீஸால் கோடு இழுப்பேன், தகடு வந்து அதன்மேல் அப்படியே உட்காரும். முதலில் கீற்றுக் கொட்டகை, வாடகை வெல்டிங் மிஷின். "கீத்துக்கு அடியில நெருப்பு வெக்கிறான், ஒருநாளு சேந்து எரிஞ்சு போவான்" என்று சிரித்தவர்களின் வண்டிகள்தான் பிறகு என் வாசலில் வரிசையில் நின்றன. இத்தனையும் செய்தவன், ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் இதுவரை வெளியே சொன்னதில்லை. அது பாயின் ஜீப்புக்குச் செய்த பெட்ரோல் டேங்க்.

பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடா நாட்டில் வெகுகாலம் தண்ணீர் லாரி ஓட்டியவர். பாலைவனத்து மணல்மேட்டில் வண்டி ஏற்றுகிற பழக்கம் அங்கே தொற்றிக்கொண்டது. ஊர் திரும்பியதும் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, வேறு பெட்ரோல் என்ஜின் வைத்து, ஸ்பிரிங்கை உயர்த்தி, ஆள் இடுப்புக்கு வருகிற டயர் மாட்டி, கவிழ்ந்தாலும் தலை நசுங்காதபடி மேலே குழாய்க்கூடு கட்டி வைத்திருந்தார். கல் எடுத்து முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் பள்ளங்களில் வெளியூர் ஆட்கள் வந்து இப்படிப்பட்ட வண்டிகளைப் போட்டிக்கு ஓட்டுவார்கள். அவர்களில் பாய்தான் வயதில் மூத்தவர், துணிச்சலிலும். ஒருநாள் அந்த ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். பாறையில் மோதி டேங்க் கிழிந்திருந்தது. உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன், துரு மண்மாதிரி வந்தது.

அந்தக் காலத்து ஜீப்பில் டேங்க் எங்கே இருக்கும் தெரியுமா? டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே. ஓட்டுகிறவர் பெட்ரோல்மேல்தான் உட்கார்ந்திருப்பார். பாய்க்கு அதே இடம்தான் வேண்டும். "எடை நடுவுல இருந்தாத்தான் வண்டி சாயாது மொதலாளி. பளய எடத்துலேயே ஒண்ணு புதுசாப் போட்டு விடுங்க" என்றார். நான் பதில் சொல்லுமுன், கூடவே வந்து ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி இறங்கி வந்தார். அதிகம் பேசாத அம்மா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "அண்ணே, இவுரு போட்டிக்குப் போறத நான் தடுக்க முடியாது. ஆனா பெட்ரோலு மேல உக்கார வெச்சு அனுப்பாதீங்க. முழுசா வூட்டுக்கு வரணும்." பாய் சிரித்தார்: "பாத்தீங்களா, எனக்கு இல்ல, டேங்குக்குத்தான் துவா பண்ணுவா போல." அந்தம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. "நான் பாத்துக்கிறேம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

பாயின் சேக்காளிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தர், படகுக்குப் போடுகிற பிளாஸ்டிக் டேங்க் வாங்கலாம் என்றார்; அதன் வாய் எங்கள் குழாய்க்குப் பொருந்தாது, வெயிலில் உப்பியும் போகும். இன்னொருத்தர், பழைய லாரி டேங்க் ஒன்றை அறுத்து ஒட்டலாம் என்றார். எண்ணெய் இருந்த டேங்கில் ஆவி உள்ளேயே நிற்கும். பொறி பட்டால் டேங்கும் போகும், பற்றவைக்கிறவனும் போவான். நான் ஒருத்தர் பேச்சையும் எடுக்கவில்லை. துருப்பிடிக்காத எவர்சில்வர் தகட்டில் புதிதாகவே செய்வது, சீட்டுக்குப் பின்னால் பின் அச்சுக்கு மேலே வைப்பது, குழாய்க்கூட்டுக்குள்ளேயே அது இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தேன். தண்ணீர் டேங்கர் வளைவில் கவிழ்வது வேகத்தால் மட்டும் இல்லை, உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாக அலையடித்து மோதுவதால். அத்தனை டேங்கர் கட்டியவனுக்கு இதை யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை. மூடியை இறுக்கி மூடுவதாகவும், காற்று போய்வர ஒரு டியூபை உச்சிக் குழாய் வரை ஏற்றி வளைத்து இறக்குவதாகவும் அமைத்தேன். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பெட்ரோல் அந்த உயரத்துக்கு ஏறாது. தண்ணீர் நிரப்பி, பற்றவைத்த தையல் தையலாகத் தடவிப் பார்த்தேன். ஒரு துளி கசியவில்லை. பாய் டேங்கைத் தட்டிப் பார்த்து, "மாஷா அல்லா, இது டேங்கு இல்ல மொதலாளி, நகை" என்றார்.

ஓட்டிப் பார்க்க அரியலூர்ப் பக்கம் ஒரு பழைய கல் பள்ளத்துக்குப் போனோம். பாய், நான், என் பட்டறை ஆள் ஒருவன். டேங்க் நிறையப் பெட்ரோல். பள்ளத்தின் ஒரு பக்கம் சுவர்மாதிரி செங்குத்தான சறுக்கு. பாய் முதல் கியரில் ஏற்றினார். பாதி ஏறியதும் முன்சக்கரம் பொடிக்கல்லில் சுழன்றது, வண்டி மூக்கு வானத்தைப் பார்க்க அப்படியே நின்றுவிட்டது. என்ஜின் கத்துகிறது. அப்போதுதான் எனக்கு வாடை அடித்தது. பார்த்தால், பின்பக்க மூடியிலிருந்து பெட்ரோல் நூல்மாதிரி இறங்குகிறது. அதற்கு நேர் கீழே சைலன்சர் குழாய், தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிற சூடு. "பாய், ஆப் பண்ணுங்க!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்கும்? கண்ணாடியில் என் கை ஆடுவதைப் பார்த்துவிட்டு, ஏற்றச் சொல்கிறேன் என்று இன்னும் அழுத்தினார்.

நான் சறுக்கின் ஓரமாகக் கையும் காலும் ஊன்றி ஏறினேன். லாரிக்காரர்களுக்குள் ஒரு பாஷை உண்டு. பாடியில் தொடர்ந்து தட்டினால் வரலாம், போகலாம் என்று அர்த்தம். ஓங்கி ஒரே ஒரு அறை அறைந்தால் நில் என்று அர்த்தம். பயத்தில் எனக்குக் கை படபடவென்று தட்டத்தான் துடித்தது. தட்டியிருந்தால் பாய் இன்னும் அழுத்தியிருப்பார், அத்தோடு கதை முடிந்திருக்கும். உள்ளங்கையை விரித்து ஒரே அறை அறைந்து, கையை எடுத்துக்கொண்டேன். லாரி ஓட்டிய உடம்பு அவருடையது. யோசிக்கவே இல்லை, சாவியைத் திருப்பிவிட்டார். திடீரென்று அந்தப் பள்ளமே ஊமையாகிவிட்டது. பெட்ரோல் சொட்டுவது மட்டும் கேட்டது. மூடியைத் தடவினேன். நடுவில் ஊசி அளவுக்கு ஒரு துளை. கட்டைவிரலால் அதை அமுக்கிக்கொண்டு நின்றேன். "கல்ல வைடா, பின்சக்கரத்துக்கு!" என்றதும் என் ஆள் ஓடி வந்து அண்டை கொடுத்தான். "பாய், எறங்குங்க. செல்போனு, சுவிட்சு எதையும் தொடாதீங்க." அவர் இறங்கினார். "நீங்களும் வாங்க மொதலாளி" என்றார். விரலை எடுத்தால் மறுபடி கொட்டும். "நீங்க தள்ளிப் போங்க முதல்ல" என்றேன். முழங்கை வரை பெட்ரோல் வழிய, அந்தக் குழாய் ஆறுகிற வரைக்கும் நின்றேன். குழாயின் சூடு கால்சட்டை வழியாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

மூடியை நான் துளையில்லாமல்தானே கொடுத்தேன்? பாயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "அந்த ட்யூபு சன்னமா இருந்துச்சு. கல்லுல நசுங்கிட்டா காத்துக்கு வளி வேணும்ல? லாரில எல்லாம் நாங்க மூடியில துள போட்டுத்தான் ஓட்டுவோம்" என்றார். "அது டீசலு பாய். அதுவும் ரோட்டுல படுத்த மாதிரி ஓடுற வண்டி. இது பெட்ரோலு, செவுத்துல ஏறுது" என்றேன். அவர் பெட்ரோல் ஈரம் காயாத என் கையைப் பிடித்துக்கொண்டார். "வூட்டுல மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா இந்த ஜீப்ப நான் இனி தொட முடியாது." சொல்லமாட்டேன் என்றேன். வேறு மூடி போட்டுக் கொடுத்தேன். அதே சறுக்கில் அவர் போட்டியன்று ஏறினார். பிறகும் எத்தனையோ பள்ளங்களில் ஏறி இறங்கினார், டேங்கிலிருந்து ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

ஆனால் டேங்க் எங்கே செய்தது என்று யாராவது கேட்டால் பாய் வாய் கூசாமல், "துபாய்லேர்ந்து எடுத்தாந்தேன்" என்பார். என்னை வைத்துக்கொண்டே சொல்வார். தனியாகக் கேட்டால், "அரியலூரு ரோட்டுப் பட்டறைன்னா எவன் வாயப் பொளப்பான்? துபாய்னாத்தான் நம்புவானுவ. கோவிச்சுக்காதீங்க மொதலாளி" என்று டீ வாங்கித் தருவார். சண்டை போட்டால் எப்போது செய்தாய், எப்படி ஓட்டிப் பார்த்தாய் என்று பேச்சு வளரும், பள்ளத்துக் கதை அவர் வீட்டுக்குப் போய்விடும். அதனால் அந்த டீயைக் குடித்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பிவிடுவேன்.

பாய் போன வருஷம் மவுத்தாகிவிட்டார். நெஞ்சுவலி. அவர் வீட்டில், அவர் கட்டிலில், மனைவி பக்கத்தில் இருக்கத்தான் உயிர் போனது. இப்போது ஜீப் மகனிடம் இருக்கிறது. அவர் அதைத் துடைத்து நிறுத்தி, செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார். டயர் எந்த நாடு, ஸ்பிரிங் எந்த நாடு என்று வரிசையாகச் சொல்லி வந்தவர், என் டேங்க்மேல் கை வைத்து, "இது அத்தா துபாய்லேர்ந்து கொண்டாந்தது" என்கிறார். பிள்ளைமேல் குற்றமில்லை, அத்தா சொன்னதைச் சொல்கிறார். பாயும் இல்லை, அவருக்குக் கொடுத்த வார்த்தையும் அவரோடு போயிற்று என்று முடிவு செய்துதான் இதை எழுதுகிறேன். அந்தம்மா படித்தால் படிக்கட்டும். முழுசாக வீட்டுக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். தம்பி, அடுத்த தடவை அந்த டேங்கைக் காட்டும்போது துபாய் என்று சொல்லாதீர்கள். அரியலூர் ரோட்டுப் பட்டறைக்காரர் செய்தது என்று சொல்லி, என் பேரையும் முழுசாகச் சொல்லுங்கள்.