பாதைக்கடியில் ஓடிய தண்ணீர்

எங்கள் ஊர் டேங்க் ஆபரேட்டர் நான். வளப்பூர் நாட்டு மலைச்சரிவொன்றில் மேட்டு வளவு, பள்ளத்து வளவு என்று இரண்டு பிரிவாக வீடுகள். காலையில் மோட்டார் போட்டு டேங்கை நிரப்பி, இரண்டுக்கும் வால்வைத் திறந்துவிடுவேன். டேங்க் காலியாகிவிடும், மேட்டு வளவுக் குழாயில் மட்டும் தண்ணீர் நூலாகத்தான் வரும். பெண்கள் குடத்தோடு இறங்கி வந்து என்னைக் கேட்பார்கள்.

ஒரு நாள் வாய் பொறுக்காமல் பள்ளத்து வளவில் இருக்கும் ஓர் அக்காவைக் கைகாட்டிவிட்டேன். பங்குனி வெயிலில் எல்லோர் காடும் காய்ந்து கிடக்க, அவருடைய குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. "பைப்புல மோட்டார் வெச்சு உறிஞ்சுறாங்க போல" என்றேன். மறுநாளே அது அவர் காதுக்குப் போய்விட்டது. அதன்பிறகு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்த வருடம் பைப் லைனைச் சீர்செய்ய ஒரு இன்ஜினியரம்மா வந்தார். டேங்கிலிருந்து தண்ணீர் இறங்கும் இடத்தில் மீட்டர் பொருத்தினார். ஊர் முழுக்கக் குழாயை மூடச் சொன்னார். நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் சொட்டவில்லை. ஆனால் மீட்டர் முள் சுற்றிக்கொண்டே இருந்தது.

"யாருங்க குடிக்கிறாங்க இத்தனை தண்ணிய?"

"மண்ணுதாங்க" என்றார் அவர்.

மேட்டு வளவு வால்வை மூடினோம், முள் நின்றது. திறந்தோம், மறுபடி சுற்றியது. அந்த லைன் அக்காவின் காட்டுக்கு மேல்புறம், பாதைக்கடியில் போகிறது. இன்ஜினியரம்மா ஆளுயர இரும்புக் கம்பி ஒன்றைப் பாதையில் ஊன்றி, அதன் மேல் முனையில் காதை வைத்தார். இரண்டடி நகர்ந்தார், மறுபடி வைத்தார். ஒரு பலா மரத்தருகே நின்று என்னைக் கூப்பிட்டார். "நீங்களே கேளுங்க."

முதலில் என் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. பிறகு அதற்குப் பின்னால், விடாமல், 'உஸ்' என்று ஓர் இரைச்சல். தினமும் நான் செருப்புத் தேய நடக்கிற பாதை அது. என் காலடியில் ஓர் ஓடையே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பியை விட்டுக் காதை எடுக்க மனம் வரவில்லை.

தோண்டினோம். துருப்பிடித்த பைப்பின் இணைப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டு, கீழிருந்த பாறை வெடிப்புக்குள் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. குழியில் ஒரு கை அள்ளக்கூடத் தேங்கவில்லை. அத்தனையும் பாறைக்குள்ளேயே போய், கீழே அக்காவின் கிழங்குக் காட்டில் ஊறியிருக்கிறது. மலை தன் வயிற்றுக்குள் இப்படியொரு வழி வைத்திருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அக்காவும் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பாப் பேசிப்புட்டேனுங்க."

"பேசுனப்ப ஊரே கேட்டுச்சு. இதையும் ஊரு கேக்கறாப்புல சொல்லு கண்ணு."

புது பைப் போட்டு, ஒவ்வொரு வளவுக்கும் ஒரு மீட்டரும் வைத்தார்கள். வால்வைத் திறந்துவிட்டு மேட்டு வளவுக்கு ஓடினேன். குழாயைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். அக்காவும் ஏறி வந்திருந்தார். குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கியது. பிறகு தெளிந்த தண்ணீர் விரல் பருமனில் கொட்டத் தொடங்கியது. ஒருவரும் குடத்தை நீட்டவில்லை. எல்லோரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தண்ணீர்ச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்று, நான் உரக்கவே சொன்னேன். "அக்கா ஒரு சொட்டுகூட எடுக்கலீங்க. நான்தான் தெரியாம பழி சொன்னேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, முன்னால் இருந்த குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தார்.