கடைசி ஆளின் ரிபன்கள்

எங்கள் மலையோட்டக் குழுவில் எனக்கு ஒரு பதவி உண்டு. கடைசி ஆள்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அஜக்ஸ் நகருக்கு வடக்கே உள்ள மேட்டுக்காட்டில் நாங்கள் இருபது முப்பது பேர் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுவோம். எல்லோரும் தலை நரைத்தவர்கள், முழங்கால் நோக்காடு உள்ளவர்கள். முதல் நாளே பாதை நெடுகக் கிளைகளில் றோஸ் நிற ரிபன் கட்டியிருக்கும். ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வந்து, யாரும் விடுபடவில்லை என்று பார்த்தபடி அந்த ரிபன்களைக் கழற்றி வர வேண்டும். குழுவை நடத்தும் அண்ணை மூன்று வருடங்களுக்கு முன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, ஆக்கள் துலைஞ்சிடுவினம் எண்டு பயம், விழுந்திடுவினம் எண்டு பயம், உமக்கு எல்லாத்துக்கும் பயம். உம்மை விட்டா இந்த வேலைக்கு வேற ஆர் இருக்கினம்?"

என் பயத்துக்கு முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் உடனே ஓம் என்றேன்.

இந்த முறை மகளும் வந்தாள். பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்திலிருந்து நீண்ட வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தவள், தானாகவே வாறன் என்றாள். வீடு இருக்கும் மில்லிக்கனிலிருந்து காரில் போகும்போதே அவளுடைய போனை வாங்கி என் முதுகுப்பையில் போட்டேன், விழுந்துவிடும் என்று. ஜக்கெற்றையும் வாங்கினேன், ஓடும்போது வேர்க்கும் என்று. தண்ணீர்ப் போத்தலும் என்னிடம்தான்.

"அப்பா, என்னையும் பைக்குள்ள போடுங்கோவன்" என்றாள்.

அவள் நன்றாக ஓடக்கூடியவள். ஆனால் அன்று என்னோடேயே பின்தங்கி வந்தாள். அதனால் முதல் ஐந்து கிலோமீற்றரும் நான் அவளுடைய குதிக்காலைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். வேர், கல், வழுக்கும், இடப்பக்கம், கவனம். மேப்பிள் இலைகள் கணுக்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தன. ரிபன் இல்லாவிட்டால் எது பாதை, எது காடு என்று சொல்ல முடியாது.

நடுவில் ஒரு செங்குத்தான ஏற்றம் வரும். நாங்கள் அதை மாமியார் மேடு என்போம். அதற்கு முன்னால் யாராலும் வாய் திறக்க முடியாது. உச்சிக்கு வந்ததும் மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, எனக்கு வோஷ்றூம் போகவேணும். பத்தைக்குள்ள போறன். நீங்கள் இதில நிக்காதேங்கோ, ப்ளீஸ். இட்ஸ் சோ வியேர்ட்."

"சரி பிள்ளை. அந்தத் திருப்பத்தில நிக்கிறன்."

நிற்கத்தான் நினைத்தேன். ஆனால் திருப்பத்துக்கு அப்பால் இறக்கம் தொடங்குகிறது.

ஏற்றத்தில் நான் கணக்காளன், கொலஸ்ட்ரோல்காரன், ஒரு பிள்ளையின் தகப்பன். இறக்கத்தில் வேறு ஆள். கால் இரண்டும் எனக்கு முன்னால் ஓடும், நான் மேலே உட்கார்ந்திருக்கும் பயணி மட்டும்தான். இலைகள் பறந்தன. மரங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டன. "ஹோ!" என்று ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்தே வந்தது. கை மட்டும் மூன்று வருடப் பழக்கத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கிளையைப் பிடி, இழு, அடுத்தது.

கீழே ஓடையின் மரப்பாலத்தில் வந்து நின்றேன். மூச்சு வாங்கச் சிரித்தேன். பிறகுதான் கையைப் பார்த்தேன்.

ஒரு கொத்து றோஸ் நிற ரிபன்.

என் பிள்ளை மேலே நிற்கிறாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்த பாதையை நானே கழற்றி எடுத்து வந்திருக்கிறேன். இடையில் ஒரு முச்சந்தியும் இருக்கிறது. அவளைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். என் பைக்குள் அவளுடைய போன் கிணுகிணுத்தது.

திரும்பி ஏறினேன். பாலத்திலிருந்தே ரிபன்களைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனேன். என்னைத் தவறவிட்டு வந்தாலும் அவளுக்கு வழி தெரிய வேண்டும் அல்லவா? அந்த அவசரத்திலும் ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிச்சு. ஒன்று அவிழ்ந்தாலும் இரண்டு மிச்சம் இருக்கும். நான் அப்படித்தான் எதையும் கட்டுவேன். முச்சந்தியில் அவள் இல்லை. உச்சியில் இல்லை. பத்தைக்குள் இல்லை.

"பிள்ளை! பிள்ளை!"

நாயோடு நடக்க வந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துப் பதறி ஓடிவந்தாள். பிள்ளைக்கு எத்தனை வயது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பத்தொன்பது என்றேன்.

அவள் நாயைப் பார்த்தாள். நாய் என்னைப் பார்த்தது. இருந்தாலும் நல்ல மனுஷி, தானும் தேடுவதாகச் சொல்லி மறுபக்கம் போனாள். ஜக்கெற் இல்லை, போன் இல்லை, தண்ணீர் இல்லை என்று நான் எனக்குள் எண்ணிக்கொண்டே போனேன். அவளிடம் இல்லாதது எல்லாம் என் முதுகில் கனத்தது. அவசர உதவிக்கு 911-ஐ அழுத்தப் போனபோது, கீழே நான் ஏறிவந்த பக்கத்தில் சருகு சரசரத்தது.

"அப்பா! உதென்ன முடிச்சு? பல்லால கடிச்செல்லோ கழட்ட வேண்டிக் கிடக்கு!"

இறக்கத்திலிருந்து ஏறிவந்தாள். தலைமயிரில் இலை. கை நிறைய ரிபன்.

முச்சந்தியில் அவள் இடப்பக்கம் திரும்பியிருக்கிறாள். அந்த வழி ஓடையில் முடிந்ததும், கரையோடு நடந்து பாலத்துக்கு வந்திருக்கிறாள்.

"பாலத்துக்கு அங்கால போனா எல்லாரும் நிப்பினம். நேர போயிருக்கலாமே, பிள்ளை?"

"பாலத்தில ஒரு ரிபன் கட்டியிருந்தது. மூண்டு முடிச்சு. ஆர் இப்பிடிக் கட்டுவினம்? என்ர சப்பாத்து லேஸ், லஞ்ச் பாக், எல்லாம் இதே முடிச்சுத்தானே. நீங்கள் திரும்பி மேல போயிட்டியள் எண்டு விளங்கிச்சு. துலைஞ்சது நீங்கள்தான். தேடி வந்தனான்."

"நானோ?"

"ஓம். அம்மா என்னை ஏன் அனுப்பினவ எண்டு நினைக்கிறியள்? அப்பாவைப் பாத்துக்கொள் எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அவளும் தொடங்கினாள். மாமியார் மேட்டின் உச்சியில் இரண்டு பேரும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். திரும்பி வந்த நாய்க்காரப் பெண், இதுவா அந்தப் பிள்ளை என்று கேட்டாள். ஓம் என்று தமிழிலேயே சொன்னேன். அவளுக்கு விளங்கியது.

ஜக்கெற்றைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். போனைக் கொடுத்தேன். பொக்கெற்றில் வைத்தாள். ரிபனுக்குக் கை நீட்டினேன்.

"தர மாட்டன். ரிபன் வைச்சிருக்கிற ஆள்தானே கடைசியா வரவேணும்? உங்கட ரூல்தானே? நீங்கள் முன்னால ஓடுங்கோ."

"இல்லைப் பிள்ளை, நான் பின்னால—"

"அப்பா. ஓடுங்கோ."

ஓடினேன். அதே இறக்கத்தில், இந்த முறை கையில் ஒன்றும் இல்லாமல். கைகள் தாமாகவே விரிந்தன. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. பின்னால் ரிபன் படக்கென்று அறும் சத்தமும், "மூண்டு முடிச்சு!" என்று அவள் திட்டும் சத்தமும் விடாமல் கேட்டன. அந்தச் சத்தம் கேட்கும்வரை பார்க்கத் தேவையில்லை என்று கழுத்துக்குச் சொல்லிச் சொல்லி ஓடினேன். பாலம் தடதடத்தது.

கடைசி மேட்டில் அண்ணை கையில் தேநீருடன் நின்றார். எங்களைத் தேட இரண்டு பேரை அனுப்பத் தயாராகியிருந்தார்.

"என்ன தம்பி, உமக்குப் பின்னாலயும் ஒரு ஆளோ?"

"ஓம் அண்ணை" என்றேன். மூச்சு இல்லை, வாய் காதுவரை இருந்தது. "இந்த முறை நான் கடைசிக்கு முதல் ஆள்."

மூன்று கிழமையாகிவிட்டது. அந்தக் கொத்து ரிபனை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அடுத்த வருடமும் நானே கடைசியாக வரட்டுமா என்று அண்ணையைக் கேட்டிருக்கிறேன். "உம்மட மகளைக் கேட்டுச் சொல்லுறன்" என்றார்.